காரணமில்லாத வளைவு

6 பிப்ரவரி 2006, திங்கள்

அக்கா இன்று வரலாற்றை என் தலையில் கட்டினாள்.

கணக்கும் வரைகலையும் மட்டும்தான் என்று சொல்லித்தான் போன வருஷம் என்னை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தாள். சாலை வேலை ஒப்பந்தம் முடிந்து, நிலம் அளக்கப் படித்தவன் அளக்க நிலமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சரி என்றேன். இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறும் நான்தானாம். பிள்ளைகளுக்கு வாத்தியார் நான் 'புரோஃபே', டீச்சரம்மா அவள் 'சென்யோ அம்பாரோ'.

"இத்தனை வருஷமா நீதானே எடுத்தே?"

"தலைமையாசிரியை வேலையே கழுத்து வரைக்கும் இருக்குடா."

"எனக்கு வரலாறு தெரியாதுக்கா. சங்கிலி பிடிக்கத் தெரியும், மட்டம் பார்க்கத் தெரியும்."

"தெரியாதவன் எடுக்கறதுதான் நல்லது."

அதற்கு என்ன அர்த்தம்? கேட்பதற்குள் மணி அடிக்கப் போய்விட்டாள்.

8 பிப்ரவரி

பாடப்புத்தகத்தில் சோளத்துக்கு நான்கு பக்கம். ஸ்பானியர்கள் வந்து இறங்கியதற்குப் பன்னிரண்டு பக்கம். முப்பத்தாறு வருஷ உள்நாட்டுப் போருக்குப் பதினோரு வரி. 'மோதல் ஏற்பட்டது. பல கிராமங்கள் பாதிக்கப்பட்டன. பலர் உயிரிழந்தனர்.'

யார் யாரோடு மோதினார்கள்? எந்தக் கிராமம்? பாதித்தது யார், இடியா மின்னலா? ஒரு வாய்க்கால் மதகு உடைந்தால்கூட நாங்கள் இதைவிட ஒழுங்காக அறிக்கை எழுதுவோம்.

வகுப்பில் வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் எலியாஸ் கேட்கிறான்: "அவ்வளவுதானா, புரோஃபே? எங்க மாமா குடிச்சிட்டு வந்தா இதைவிட நிறைய சொல்வாரே!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வகுப்பில் பாதிக்கு மேல் எங்கள் சலவிட்ஸ் பிள்ளைகள். மீதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் துராஸ்னோவிலிருந்து நடந்து வருகிறவர்கள். அங்கே பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிகிறது. பெஞ்சிலும் அப்படியே பிரிந்து உட்காருகிறார்கள். ஏன் என்றால், "பழக்கம்."

10 பிப்ரவரி

வழி கிடைத்துவிட்டது. அளப்பது.

இப்போதிருக்கும் சலவிட்ஸ் ராணுவம் போட்ட ஊர். சதுரங்கப் பலகை மாதிரி நேர்த்தெரு, எல்லோருக்கும் ஒரே அளவு மனை, மூலையில் காவல் மேடை நின்ற திண்டு. எண்பத்திரண்டில் அதே ராணுவம் எரித்ததே, அதற்கு முந்தைய ஊர் எங்கே? யார் வீடு எந்த மேட்டில்? அப்போது எனக்கு ஒரு வயது, எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும், நேரில் போய் முளை அடிப்போம், டேப் பிடிப்போம், வரைபடம் போடுவோம். பதினோரு வரியை விட ஒரு வரைபடம் நேர்மையானது.

அக்காவிடம் சொன்னேன். "பழைய வீடுங்க மட்டும்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி."

20 பிப்ரவரி

இப்படி நடக்கும் என்று நினைக்கவேயில்லை. ஊரே வருகிறது! சோளக்கொல்லையில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, "எங்க வீட்டை விட்டுட்டீங்களே புரோஃபே" என்கிறார்கள். எரிந்த தூணின் அடிக்கட்டையை ஒரு பெண்மணி புல்லுக்குள் காலால் தேடிக் கண்டுபிடித்தார். அழுதார். பிறகு மகளிடம், "அடுப்பு இங்க இல்லடி, அங்க. உங்கப்பன் எப்பவும் தப்பாத்தான் சொல்லுவான்" என்று சண்டை.

தோன் மக்காரியோவே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். பெற்றோர் சங்கத் தலைவர், மரியாதைக்கு 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் ராணுவம் ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் கட்டாயமாக ரோந்துக்கு அனுப்பியபோது அந்த ரோந்துக்கும் இவர்தான் தலைவர். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

"என் வீட்டுக் கதவு கிழக்குப் பார்த்தது. எழுதிக்க. எட்டு ஆடு கட்டியிருந்தேன். அதையும் எழுதிக்க."

எழுதினேன். வரலாறு ஒன்றும் பெரிய வித்தையில்லை. அளந்தால் வந்துவிடுகிறது.

3 மார்ச்

பிள்ளைகளை அவரவர் பள்ளிக்கு வரும் பாதையையும் வரையச் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்துப் போட்டேன்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பாதை வளைகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே, பழைய ஊற்றுக்குப் பக்கத்தில். போய்ப் பார்த்தேன். தட்டைத் தரை. பாறையில்லை, மரமில்லை, வேலியில்லை. நல்ல புல், ஒரு ஆடுகூட மேயவில்லை. நடக்கிறவன் சோம்பேறி. அவன் போடும் பாதை காரணமில்லாமல் வளையாது.

நானும் இத்தனை நாளாக வளைந்துதான் போயிருக்கிறேன். தாளில் பார்த்த பிறகுதான் அதுவே தெரிகிறது.

தோன் மக்காரியோவிடம் கேட்டேன்.

"சேறு," என்றார்.

"மூணு மாசமா மழையே இல்லையே?"

"முன்னாடி சேறு."

கையிலிருந்த டேப்பை விட்டுவிட்டார். அது சர்ரென்று ஓடிவந்து என் விரலில் அடித்தது. கொல்லையில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டார்.

13 மார்ச்

கரும்பலகையில் வீட்டுப்பாடம் எழுதினேன்: 'ஊற்றங்கரையில் பாதை ஏன் வளைகிறது? வீட்டில் கேட்டு எழுதி வரவும்.'

14 மார்ச்

சலவிட்ஸ் பிள்ளைகள் ஒருவரும் எழுதவில்லை. எலியாஸின் கன்னம் வீங்கியிருக்கிறது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலா?"

அவனுக்கே சிரிக்க வரவில்லை. எப்போதும் எதற்கும் சிரிக்கிறவன்.

துராஸ்னோ பிள்ளைகளுக்குக் காரணம் தெரியவில்லை. 'எல்லாரும் அப்படிப் போறாங்க, நாங்களும் போறோம்.' கதரீனா மட்டும் எழுந்தாள். முதல் பெஞ்சு, நறுக்கென்று பேசுகிற பெண். "எங்கப்பாகிட்ட கேட்டேன், புரோஃபே. எந்த இடம்னு என்கிட்டயே திருப்பிக் கேட்டாரு. வரைஞ்சு காட்டச் சொன்னாரு. காட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடல."

அதே நாள், மாலை

அக்கா அடுப்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அந்தக் கேள்வியை அழிச்சிடு."

"எதுக்கு?"

"சொன்னா அழி. உனக்கு அக்கா மட்டுமில்ல, தலைமையாசிரியை நான்."

"காரணம் சொல்லு, அழிக்கறேன்."

"உன் காரணத்துல இடி விழ. எல்லாத்துக்கும் காரணம், எல்லாத்துக்கும் அளவு!" உரித்த அவரைக்கொட்டை தரையெல்லாம் சிதறியது. இருவரும் பொறுக்கினோம். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவங்க நம்ம ஊர் ஆளுங்க இல்லடா."

துராஸ்னோவையும் அதே வருஷக் கடைசியில் எரித்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஆற்றோரமாக மலைக்கு ஓடி வந்து எங்கள் ரோந்தின் கையில் சிக்கியது. லெப்டினன்ட் ஊற்றுக் கல்லின்மேல் நின்றான். அவன் சுடவில்லை. அவனுடைய ஆட்களும் சுடவில்லை. ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்தினான். ஒவ்வொருத்தன் கையிலும் வெட்டுக்கத்தி. ஒவ்வொருத்தனும் ஒரு தடவை. நாளைக்கு எவனும் எவனையும் காட்டிக்கொடுக்க முடியாதபடி.

"அப்பாவும்?"

"எல்லாரும்னா எல்லாரும்."

அப்பா குடித்தே செத்தார். ஏன் குடிக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்பவன் என்று எனக்குப் பெயர்!

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரோந்து ஆளுங்களுக்குச் சாப்பாடு தூக்கிட்டுப் போனது யாருன்னு நெனச்சே? எனக்குப் பன்னெண்டு வயசு."

அப்படியானால் இத்தனை வருஷமும் துராஸ்னோ பிள்ளைகள் முன்னால் நின்று அந்தப் பதினோரு வரியை அவள்தான் வாசித்திருக்கிறாள். இந்த வருஷம் அந்தக் குடும்பத்துப் பெண் கதரீனா அந்த வகுப்புக்கு வந்துவிட்டாள். அதனால்தான் நான்.

"இதைச் சொன்னா அவங்க பிள்ளைங்க இந்தப் பக்கம் வராது. நம்மாளுங்க நம்ம பிள்ளைங்களை நிறுத்திடுவாங்க. எத்தனை பேர் கால்ல விழுந்து வாங்கின பள்ளிக்கூடம் தெரியுமா இது? பிள்ளைங்க கரும்பு வெட்டத்தான் போகும்."

"அப்ப அவங்க பாட்டுக்கு தினமும் அந்தக் குழி மேலேயே நடந்து வரட்டும்ங்கறியா?"

"வளைஞ்சுதானே வராங்க," என்றாள்.

15 மார்ச்

கரும்பலகையை அழித்தேன்.

29 மார்ச்

காபி ஏற்றுமதி பற்றிப் பாடம் நடத்தினேன். கதரீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

24 ஏப்ரல்

தோன் தியேகோ வந்திருந்தார், கதரீனாவின் அப்பா. பள்ளி விட்ட பிறகு. பிள்ளைகள் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். ஒரு துணி முடிச்சில் முட்டைகள்.

"பொண்ணு கணக்கு எப்படிப் போடுதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு…"

"அதுதான் வகுப்புல முதல்."

"அப்படியா. அவ அத்தை மாதிரி. என் பெரிய தங்கச்சி. சந்தைல யாரும் அவளை ஏமாத்த முடியாது."

பிறகு அவராகவே சொன்னார். பத்தொன்பது வயதில் கடற்கரைத் தோட்டத்துக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார். திரும்பி வந்தால் சாம்பல். அம்மா, இரண்டு தங்கை, ஒரு தம்பி, சித்தப்பா. மலையில் தேடினார், அகதி முகாமில் தேடினார், ராணுவ முகாம் வாசலில் நின்று உதை வாங்கினார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று நேபாஹ் டவுன் வரை நடந்து, இடுகாட்டின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி வைக்கிறார். குழி எங்கேயென்று தெரியாதவர்கள் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள்.

"கூட்டமா இருக்கும் புரோஃபே. வச்ச வத்தியை அடுத்தவன் மிதிச்சிடுவான். சண்டைகூடப் போட முடியாது, அவனும் பாவம்."

முட்டை முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அந்த வளைவு எவ்வளவு அகலம், புரோஃபே?"

சேறு என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கரும்பு வெட்டத்தான் போகும், கரும்பு வெட்டத்தான் போகும் என்று மண்டைக்குள் ஓடியது. ஆனால் அந்த மனிதர் என்னிடம் யார் செய்தார்கள் என்று கேட்கவில்லை. அளவு கேட்டார். அளவைப் பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

"நாலு மீட்டர் நாற்பது. குறுக்கே ரெண்டு பத்து."

இரண்டு கையையும் விரித்து அறைக்குள்ளேயே அளந்து பார்த்தார். பெஞ்சிலிருந்து ஜன்னல் வரை.

"அஞ்சு பேர் படுக்கலாம்," என்றார். "சின்னவளுக்கு அதிக இடம் வேண்டாம்."

முட்டைகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முட்டையை வேகவைக்கவும் இல்லை.

19 மே

தோன் தியேகோ அரசு வழக்கறிஞரிடம் மனு கொடுத்துவிட்டார். இணைப்பு: கேட்டு வாங்கிப்போன என் வரைபடம். கீழே என் கையெழுத்து.

2 ஜூன்

கடைக்காரி உப்பு இல்லை என்றாள். மூட்டை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

11 ஜூன்

பெற்றோர் சங்கக் கூட்டம். என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். "எங்களை எரிச்சாங்களே, அதை எழுதச் சொன்னா இதை ஏன் தோண்டறே?" என்று அந்தப் பெண்மணி கேட்டார், புல்லுக்குள் தூண்கட்டையைத் தேடியவர். அவர் கேட்டது நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய இரண்டு பிள்ளைகள் மலையில் பட்டினியில் செத்தவர்கள்.

தோன் மக்காரியோ கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"உங்கப்பனும் அந்த வரிசைல நின்னவன்தான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வெளியே வந்துவிட்டேன். வேறு எதற்கெல்லாமோ வாய் கிழிகிறது.

24 ஜூலை, திங்கள்

எலும்பு ஆய்வுக்காரர்கள் தலைநகரிலிருந்து வந்துவிட்டார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். என் வயதுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை வரை அனுமதி. "வரைபடம் யார் போட்டது? சுத்தமா இருக்கே," என்றாள் ஒருத்தி. எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே, அந்த இடத்தில், பெருமை! என்னை என்ன சொல்வது?

26 ஜூலை

ஒன்றும் இல்லை. நான் குறித்துக் கொடுத்த இடத்தில் இடுப்பளவு தோண்டியாகிவிட்டது. மண்தான். கலையாத மண் என்கிறார்கள். யாரும் கைவைக்காத மண்.

27 ஜூலை

அகலமாகத் தோண்டினார்கள். இல்லை. மழை. தோன் தியேகோ பிளாஸ்டிக் போர்வைக்குள் உட்கார்ந்தே இருக்கிறார். ஊர் ஆட்கள் மேட்டில் நின்று பார்க்கிறார்கள், எலியாஸின் மாமா சீட்டியடிக்கிறார். ராத்திரி முழுக்கக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கில் தப்பு இல்லை. பின் எதில்?

28 ஜூலை, வெள்ளி

மதியத்துக்குள் கருவிகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். தோன் மக்காரியோ மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல. போய்ப் பாடம் நடத்து தம்பி." சிலர் சிரித்தார்கள். நிம்மதிச் சிரிப்பு. தோன் தியேகோ போர்வையை மடித்தார். நாலாக, எட்டாக, அதற்குமேல் மடியாதபடி.

அப்போதுதான் அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, கையில் சுண்ணாம்புத் தூள் அப்படியே இருக்க. யாரையும் பார்க்கவில்லை. குழியைத் தாண்டினாள். பாதையின் கீழ்ப்பக்கம், சரிவில், போன அக்டோபர் வெள்ளத்தில் மண் இறங்கிய இடத்துக்குப் போனாள். கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான்.

"எழுந்திருங்க சென்யோ," என்றார் தோன் மக்காரியோ. "அம்பாரோ. எழுந்திரும்மா."

எழவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு பாதை மேலே ஏறியிருக்கிறது. ஜனங்கள் வளைவையும் கூடவே மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எதைச் சுற்றுகிறோம் என்று தெரியாத பிள்ளைகள்தான் புதுப் பாதையைப் போட்டிருக்கவேண்டும். நான் வளைவை அளந்தேன். வெள்ளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆய்வுக்காரர்கள் கருவிக் கட்டைப் பிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு நெய்த இடுப்புக் கச்சை வந்தது. சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. தோன் தியேகோவுக்குத் தெரிந்த சிவப்பு.

30 ஜூலை

ஆறு பேர். ஐந்து இல்லை.

ஆறாவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வழியில் சேர்ந்துகொண்ட யாரோ. "அவரையும் எங்களோட எழுதிக்கங்க," என்றார் தோன் தியேகோ. பெட்டிகள் தலைநகருக்குப் போய்விட்டன. திரும்ப வர ஒரு வருஷமாகலாம்.

இன்று அக்கா அவளாகப் பேசினாள்.

"அந்தச் சின்னப் பொண்ணு. என் உசரம்தான். என்னைப் பார்த்துத் தண்ணி கேட்டா."

"குடுத்தியா?"

துணி உலர்த்தக் கொல்லைக்குப் போய்விட்டாள். நான் ஏன் அதைக் கேட்டேன்?

21 ஆகஸ்ட்

ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேர். துராஸ்னோவிலிருந்து யாரும் இல்லை. எலியாஸ் கடற்கரைக்குப் போய்விட்டான், கரும்புக்கு. அக்கா சொன்னது அத்தனையும் நடக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் ஒரு முறைகூட 'சொன்னேனே' என்று சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

13 அக்டோபர்

தேர்வு. வரலாற்றுத் தாளில் போர் பற்றி ஒரு கேள்வி வைத்தேன். எல்லோரும் பதினோரு வரியை மனப்பாடமாக எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன போடுவது?

1 நவம்பர்

துராஸ்னோ ஆட்கள் ஊற்றங்கரைக்கு வந்தார்கள். குழி விளிம்பில் ஆறு மெழுகுவத்தி, மஞ்சள் பூ. எங்கள் ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. காற்றில்லாத நாள். வத்திகள் கடைசிவரை எரிந்தன. யாரும் மிதிக்கவில்லை.

15 ஜனவரி 2007

சேர்க்கை முடிந்தது. துராஸ்னோ: ஒருவரும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அக்கா மேஜையில் தலை சாய்த்துக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

3 பிப்ரவரி

ஆற்றைத் தாண்டிப் போய்த் தோன் தியேகோவின் வாசலில் நின்றேன். சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சம்பளமில்லை, சும்மாதான்.

உட்காரச் சொல்லவில்லை. யோசித்தார்.

"கணக்கு சொல்லிக்குடுங்க. வரைகலையும் பரவால்ல."

"சரி."

"வரலாறு வேண்டாம், புரோஃபே. அது எங்ககிட்ட இருக்கு."

10 பிப்ரவரி, சனி

கிளம்பும்போது அக்கா ஒரு புதுச் சுண்ணக்கட்டிப் பெட்டியைப் பையில் வைத்தாள். "யார் குடுத்ததுன்னு சொல்லவேண்டாம்."

தோன் தியேகோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சென்யோ அம்பாரோவா?"

"ஆமா."

உள்ளே எடுத்துப்போனார். திரும்பி வரும்போது கையில் அடுப்புக் கரித்துண்டு ஒன்று இருந்தது. என்னிடம் நீட்டினார். பெட்டி உள்ளேயே தங்கிவிட்டது.

வெள்ளையடித்த சுவரில் கரியால் முக்கோணம் போட்டேன். ஐந்து பிள்ளைகள். கதரீனா இடுப்பில் தம்பியோடு நின்றுகொண்டே கேட்டாள், உட்காரவில்லை. இரண்டு விடையை எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்பாள். வாங்கிக்கொண்டார் என்று சொல்லவேண்டும். வாங்கிக்கொண்டார்தானே.